கணீரென்று ஒலித்த மூன்று செட் லைனிங்

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

நீ கல்லறையில் நிம்மதியாகத் தூங்குகிறாய். நான் வேப்பூர் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளையெல்லாம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். மூன்று டீ குடித்தாகிவிட்டது. நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

லாரி, பஸ் சக்கரங்களைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் லைனிங் செய்யும் நம் ஷெட்டை நீ போன பிறகு நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிறுத்திய ஆஸ்பெஸ்டாஸ் தூளை நானும் உள்ளே விடவில்லை. விலை குறைவு என்று இன்னும் கேட்டு வருகிறார்கள். வேலை செய்கிறவர்களின் நுரையீரலை அடகு வைத்து எங்களுக்குத் தொழில் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறேன். இரும்பு நார் கலந்ததைக் கேட்டால், அது சக்கரத்துக்குள் இருக்கிற டிரம்மையும் சேர்த்துத் தின்னும் என்கிறேன். இன்றைக்கும் நமக்குக் கண்ணாடி நார், பிசின் தூள், கிராஃபைட், பித்தளைத் துருவல், முந்திரி ஓட்டு எண்ணெயில் செய்த தூள், இவைதான். "பீங்கானுக்குப் பேரெடுத்த விருத்தாசலத்துல இருந்துக்கிட்டு பீங்கான் பிரேக்கு செய்ய மாட்டீங்களா?" என்ற கிண்டலும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் கிண்டலை நான் நிஜமாக்கிவிட்டேன் அக்கா.

உனக்குத்தான் தெரியுமே, நான் பீங்கான் கம்பெனியில் பதினோரு வருஷம் கப்பு தட்டிப் பார்த்தவள். விரலால் சுண்டினால் கணீர் என்று வர வேண்டும். மொத்தென்று வந்தால் உள்ளே விரிசல், தூக்கி எறிய வேண்டியதுதான். நம் ஷெட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை, லைனிங்கையும் சுண்டினேன். "இது காப்பி குடிக்கற கப்பு இல்லடி" என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை எடுத்துச் சோதனைச் சக்கரத்தில் வைத்துப் புகை வரும்வரை தேய்த்துப் பார்ப்பாய். நீ தேய்க்கிறாயே என்ற தைரியத்தில் நான் சுண்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு மதியம், அச்சில் அழுத்தி எடுத்த லைனிங்குகள் அடுப்பில் வெந்துகொண்டிருந்தபோது கரண்டு போனது. சூட்டைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். கரண்டு வந்ததும் எனக்குப் பொறுமை இல்லை. விட்டதைப் பிடிக்க நேராக உச்சத்துக்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் கூடுதலாகவும் வைத்தேன். சூளையில் கூட வெந்தால் கப்பு கெட்டிப்படும், அந்தப் புத்தி. கெட்டியான லைனிங் சூடேறினால் வழுக்கும் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

வெளியே எடுத்துச் சுண்டினேன். எல்லாம் கணீர், கணீர்! துளை போடுகிற கதிரேசன், "டிரில்லு எறங்கவே மாட்டேங்குதுங்க" என்றார். "மொக்க பிட்டா வாங்கியாந்துட்டு லைனிங்க கொற சொல்றீங்களா?" என்று அவர் வாயை அடைத்தேன். சக்கரத்தில் தேய்க்கவும் இல்லை. காது சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன?

நேற்றுக் காலையில்தான் மனசு கேட்காமல் மிச்சமிருந்த ஒரு துண்டைச் சக்கரத்தில் வைத்தேன். முதலில் நன்றாகக் கவ்வியது. சூடு ஏறியதும் வழுக்க ஆரம்பித்தது. அதற்குள் மூன்று செட் வெளியே போயிருந்தது. ஒன்று ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ்ஸுக்கு. அதை ஓட்டுவது உன் மகன் அருள்.

வண்டி ஓட்டும்போது அவன் போனை எடுக்க மாட்டான், அப்படித்தான் நீ வளர்த்திருக்கிறாய். ஸ்கூட்டியை விரட்டினேன். மாதாவே மாதாவே என்று வழியெல்லாம் அரற்றினேன். பஸ்ஸைத் தாண்டிப் போய் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். பஸ் நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, எனக்கு இரண்டு முழம் முன்னால் வந்து நின்றது.

"சாவறதுக்கு வேற பஸ்ஸு கெடைக்கலியாம்மா?" என்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள். அருள் பதறி இறங்கி வந்தான்.

"இன்னா சின்னம்மா, வூட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுமா?"

"பிரேக்கு எப்பிடிடா இருக்குது?"

"ரெண்டு நாளா லேட்டாத்தான் புடிக்குது. புது லைனிங்கு, ஓடி ஓடி ஒக்காந்துரும்னு வுட்டுட்டேன். கடையில வாங்கினதா இருந்தா அன்னிக்கே கழட்டியிருப்பேன். நீங்க குடுத்ததாச்சே சின்னம்மா."

அந்த வார்த்தையைச் சொல்வதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம். நானும் கரண்டு போனதால் வந்த வினை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "கரண்டு இல்லடா, நான்தான். தேச்சுப் பாக்காம குடுத்துட்டேன்" என்று நடுரோட்டில் சொன்னேன். அவன் ஆட்களை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "இன்னும் யாருக்குப் போச்சு?" என்று மட்டும் கேட்டான்.

அருளின் பஸ்ஸிலும், இரண்டாவது செட் போன திட்டக்குடி டிப்பர் லாரியிலும் போட்டதை நேற்று மாலையே கழற்றிவிட்டோம். மூன்றாவது செட்டை வாங்கியவர் வழியில் வண்டியை நிறுத்தி வாங்கிப் போன லாரிக்காரர். பெயரும் கேட்கவில்லை, வண்டி நம்பரும் எழுதவில்லை. பச்சை லாரி, திருச்சிப் பக்கம் லோடு அடிக்கிறவர், வேப்பூரில்தான் சாப்பிடுவார், இவ்வளவுதான் கதிரேசனுக்கு நினைவிருக்கிறது. காலையிலிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் அருளும் இந்தப் பக்கம் நானும் விசாரிக்கிறோம். இதுவரை நான்கு பச்சை லாரி வந்தது. எதுவும் அது இல்லை.

அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகளோ? அவர் முன்னால் இந்நேரம் யார் ரோட்டைக் கடக்கிறார்களோ? பிரேக்கு லேட்டாகப் பிடித்தால், அவரும் ஓடி ஓடி உட்கார்ந்துவிடும் என்று நம்பித்தான் மிதித்துக்கொண்டிருப்பார்.

அவரைக் கண்டுபிடிக்காமல் நான் ஷெட்டைத் திறக்க மாட்டேன் அக்கா. இது உன்மேல் சத்தியம். கண்டுபிடித்தால், அவர் உயிரோடு நின்று என்னைத் திட்டுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு வந்து உனக்குச் சொல்கிறேன்.

உன் கூடப் பிறந்தவள், உன் அருளுக்குச் சின்னம்மா,
ரோசலின்