உன் இடத்தில் ஒரு படகு

மாப்ளே,

இன்று காலை உன் நீலக் கேன் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. மேலெல்லாம் பாசி, அடியில் சிப்பி, கழுத்தில் ஒரு முழம் கயிறு. கயிறு இற்றுப்போய் அறுந்திருந்தது. எடுத்து மூடியைத் திறந்தேன். இத்தனை நாள் கடலில் மிதந்தும் உள்ளே டீசல் வாசம் போகவில்லை. உன் சட்டையிலும் அதே வாசம்தான் அடிக்கும். கேனை மடியில் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. உன் படகும் விலையாகிப் போய்விட்டது. ஆனால் உன் இடத்தை மட்டும் நான் விடவில்லை. நம் முகத்துவாரத்தின் வழக்கம் உனக்குத் தெரியாததா? படகு கட்டும் இடத்துக்குப் பட்டாவா இருக்கிறது? அடியில் ஒரு கல், கல்லிலிருந்து கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கேன். கேன் மிதக்கிறவரை இடம் கல்லைப் போட்டவருடையது. கேன் போய்விட்டால் அடுத்து வருகிறவர் கல்லைப் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பாசியைச் சுரண்டி, கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தேன். இந்த முறை முழங்கால் வலியைச் சாக்கு வைத்துத் தள்ளிப்போட்டேன்.

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் மீமிசலைச் சுற்றியுள்ள படகெல்லாம் இரவு தங்க இங்கேதான் வருகின்றன. மணல் திட்டு மறைப்பதால் உள்ளே அலை அடங்கியிருக்கும். ஒரு படகுக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படிப்பட்ட இடத்தில் படகே இல்லாத ஒரு கேன் பதினான்கு மாதம் மிதந்தது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? உன் முகத்துக்காகவும் என் வாய்க்குப் பயந்தும் பேசாமல் இருந்தார்கள்.

நான் வந்த புதிதில் நடந்தது நினைவிருக்கிறதா? ஆவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருடம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு, மனைவியின் ஊர் என்று இங்கே வந்து ஒரு ஃபைபர் படகு வாங்கினேன். கப்பலையே பார்த்தவனுக்குப் படகைக் கட்டிப்போடத் தெரியாதா என்ற மிதப்பு. கயிறு நீளமாக இருந்தால் பத்திரம் என்று இரண்டு கையையும் விரித்த அளவில் பத்துப் பன்னிரண்டு பாகம் தாராளமாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

விடியும்போது காற்று தெற்கிலிருந்து வடகிழக்குக்குத் திரும்பியிருந்தது. மற்ற படகெல்லாம் ஒன்றுபோல் முகத்தைத் திருப்பி நிற்க, என் படகு மட்டும் வளைய வந்து உன் படகில் மோதி, கல்லையும் கிளப்பி, இரண்டும் பின்னிக்கொண்டு திட்டு ஓரம் வந்து கிடந்தன. உன் படகின் பக்கவாட்டில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைத் தடவிப் பார்த்தாய். அடி விழப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

"எந்த ஊருங்க?" என்று கேட்டாய்.

"ஆவூர்."

"அதானே பாத்தேன். கம்மாக்காரரே, இது ஒங்க ஊரு கம்மா இல்லங்க. இங்கிட்டுக் காத்து திரும்பும். எல்லாரும் கையை விரிச்சு அஞ்சு பாகந்தான் கயிறு விடுவோம். அப்பத்தான் எல்லாப் படகும் ஒண்ணாத் திரும்பும், ஒண்ணை ஒண்ணு தொடாது."

அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு படகையும் கரையேற்றி, ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டோம். அந்த ஒரு வாரத்தில் 'நீங்க' என்பது 'நீ' என்றானது. மறுபடி தண்ணீரில் இறக்கியபோது, "திட்டுக்குப் பின்னாடி ஒரு எடம் காலியாத்தான் கெடக்கு. நீ அங்க போடு" என்றாய். நீ எனக்கு வெளிப்பக்கம் போட்டாய். ஊர்க் கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் அறியாத கம்மாக்காரனுக்கு எல்லா இடமும் ஒன்றுதானே, நானும் போட்டேன். இவ்வளவு நல்ல இடம் எப்படிக் காலியாகக் கிடந்தது என்று பின்னால் ஒருநாள் கேட்டதற்கு, "நீ அதிர்ஷ்டக்காரன்யா" என்று சிரித்தாய்.

ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்துப் படகு. காற்று பலமாக அடித்தால் நீ விடியுமுன்னே எழுந்து ஓடுவாய், கட்டு நிற்கிறதா என்று பார்க்க. நான் காப்பி குடித்துவிட்டு ஆற அமர வருவேன். "ஒனக்கு ஒன் கட்டு மேலயே நம்பிக்கை இல்லையா மாப்ளே?" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! நீ தலையைத் துவட்டிக்கொண்டே சிரிப்பாய்.

இன்று நடந்ததற்கு வருகிறேன். கேனைத் திரும்பக் கட்டிவிடுவது என்று புதுக் கயிறோடு கிளம்பினேன். உன் இடத்தில் ஒரு படகு நின்றது. கோட்டைப்பட்டினம் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். கல்லைக் கையில் தூக்கி வைத்திருந்தார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

"அது ஆள் இருக்கிற எடம்" என்று கத்தினேன்.

"கேன் ஒண்ணும் காணோமேண்ணே. பலமாக் காத்து வருதுங்கிறாங்க. நீங்க வேணாம்னா போயிர்றேன்."

அவர் கல்லைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினைத் தொட்டார். எங்கே போவார்? உள்ளே ஒரு படகுக்குக்கூட இடைவெளி இல்லை. என் கையில் உன் கேன். "போடுங்க. அஞ்சு பாகத்துக்கு மேல கயிறு விட்டுறாதீங்க" என்றேன். கல் விழுந்த சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. உன்னை இரண்டாவது முறை அனுப்பிவைத்ததுபோல் இருந்தது.

கேனை உன் மனைவியிடம் கொடுக்கப் போனேன். தங்கச்சியிடம் குற்றவாளிபோல் நின்று, "அவன் எடத்தை விட்டுட்டேம்மா" என்றேன்.

"எதை விட்டீங்க? வெளிப்பக்கத்து எடத்தையா?" என்று கேட்டுத் தங்கச்சி என்னையே பார்த்தது. "அது அவரு எடம் இல்லையேண்ணே. ஒங்க படகு கட்டுறீங்களே, திட்டுக்குப் பின்னாடி, அதுதான் அவரு எடம். கம்மாக்காரரு காத்துக்குத் தாங்க மாட்டாரு, யாரும் அவருகிட்டச் சொல்லிராதீங்கன்னு ஊரு பூராச் சொல்லி வச்சுட்டு அவரு அங்கிட்டு, காத்தடிக்கிற பக்கமா நகந்துட்டாரு. ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

தெரியாது மாப்ளே. சத்தியமாகத் தெரியாது. சொல்லியிருந்தால் நான் அந்த இடத்தை ஏற்றிருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம் வருகிறது. ஒன்பது வருடம் நீ தூக்கம் கெட்டு ஓடியதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். கட்டிப் பிடித்துக்கொண்டு திட்டுவதற்குக்கூட நீ இல்லை.

இதை எழுதும்போது வெளியே வாடை ஏறிக்கொண்டிருக்கிறது. விடியுமுன்னே எழுந்து, வெளிப்பக்கம் போட்டிருக்கிற அந்த மனுசனுடைய கட்டு நிற்கிறதா என்று பார்க்கப் போவேன். என் படகைப் பார்க்க வேண்டியதில்லை. அது உன் இடத்தில் கிடக்கிறது.