இடக்கைக் குத்துவாள்

மியாகாவோ,
புயல் ஓய்ந்த திங்கட்கிழமை.

அன்புள்ள தம்பி லியோனிலோவுக்கு,

அன்பு என்று போட்டது கடித மரியாதைக்காக. அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாதே.

நடுக்கடலில் இருப்பதாக ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாய். அலை பெரிதாக இருக்கிறது, ஜெபம் செய் என்றும் எழுதியிருந்தாய். நானும் மண்டு மாதிரி மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் கப்பல் மணிலாவில், எர்மிட்டா பகுதியின் மாடி விடுதி ஒன்றில் நங்கூரம் போட்டிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. உன் போன் அணைந்தே கிடப்பதால் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

இலோய்லோ நகரத்தில் வெனான்சியோ லகுடா என்று ஒரு வக்கீல். பழைய வாள்கள் சேர்த்துச் சேர்த்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவர் சேர்க்க ஆரம்பித்தது போன வருடம். அதற்குள் கண்ணாடிப் பெட்டி, நீல விளக்கு, பெட்டிக்குப் பெட்டி பெயர்ப்பலகை. நூறு வருடக் கருமை ஏறிய இரும்பை மோட்டார் வைத்துத் தேய்த்து, ஓட்டல் கரண்டி மாதிரி பளபளக்க வைத்திருக்கிறார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? சனிக்கிழமை என்னையும் ஒரு பல் வைத்தியரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சூப்பில் உப்பு இல்லை. அதையும் பல் வைத்தியர் பாராட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு குத்துவாளை எடுத்து வந்தார். "இது ஒரு ஜெனரலோடது, மிஸ் ஃபெலி. ஸ்பெயின்காரங்க எத்தனை பேரை இதால முடிச்சிருக்கார் தெரியுமா?" என்று வலக்கையில் பிடித்துக் காற்றில் வீசினார். பல் வைத்தியர் கைதட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பனாய் தீவுக் கொல்லன் அலகின் ஒரு பக்கத்தைத்தான் சரித்துத் தீட்டுவான், மறுபக்கம் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். அவர் வீசிய வாளில் சரிவு இருக்க வேண்டிய பக்கம் தட்டையாகவும், தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் சரிவாகவும் இருந்தது. அது இடக்கைக்காரனுக்காகச் செய்தது. வாள் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லை.

"உங்க ஜெனரல் இடக்கைக்காரரா, வக்கீல் சார்?" என்று கேட்டேன்.

"ஜெனரல்னா எந்தக் கையாலயும் சண்டை போடுவாரும்மா," என்றார்.

சரி, இந்த அறிவுக்கடலோடு என்ன வாதம் என்று கையில் வாங்கிப் பார்த்தேன். கொம்புப் பிடியின் கழுத்தில் ஒரு பித்தளை வளையம். அம்மாவின் உடைந்த தையல் இயந்திரத்திலிருந்து உன் குத்துவாளுக்கென்று அப்பா அறுத்தெடுத்த வளையம். என் சிரிப்பு அதோடு நின்றது.

யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பல் வைத்தியர் கை கழுவப் போயிருந்ததால் ஜெனரலை மறந்துவிட்டு உண்மையைச் சொன்னார். "மணிலாவுல ஒரு கப்பல்காரன். நெஞ்சுல கோளாறாம், இனிமே கப்பல் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஊருக்குப் போக மூஞ்சி இல்லைன்னான். கேட்டதுல பாதிக்கு அடிச்சுட்டு வந்தேன். அதுக்கும் கண்ணு கலங்கி நின்னான், நாடகக்காரப் பய." விடுதியின் பெயரையும் அவரே சொன்னார், அங்கே இன்னும் மலிவாகப் பொருள் கிடைக்குமாம்.

நான் குத்துவாளை இடக்கைக்கு மாற்றிப் பிடித்தேன். ஏன் என்று கேட்காதே. என் முகத்தை அந்த ஆள் பார்த்துவிட்டார். பொருள் வேண்டும் என்பதை முகத்தில் காட்டாதவள்தான் எதையும் சேர்க்க முடியும். வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றிய முகம் அன்றைக்குக் கெட்டது, உன்னால். பதிலுக்கு என் தாலிபோங்கைக் கேட்டார். பாம்பு வாய் பிளந்த பிடியோடு, என் அலமாரியில் நடுநாயகமாக இருந்ததே, அந்த நீள வாள். கொடுத்துவிட்டேன். இந்நேரம் அதையும் மோட்டாரில் தேய்த்துக்கொண்டிருப்பார்.

இனி உன் விஷயம். உனக்கு இதயம் இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறாராம். எனக்கு அதுவே புதுச் செய்தி. ஊருக்குப் போக முகம் இல்லை என்றாயாமே, உனக்கு என்றைக்கு முகம் நன்றாக இருந்தது? மியாகாவோவில் அழகிப் போட்டியா நடக்கிறது? கப்பல் வேலையை விட்டு வந்து உட்கார்ந்தவன் இல்லாத வீடு இந்தத் தெருவில் ஒன்று உண்டா? இப்படி ஒளிந்து உட்காருகிற முட்டாள்தனம் உனக்கு மட்டும்தான் தோன்றும். நெஞ்சு வலியோடு தனியாகக் கிடப்பாயாம், அக்காவுக்கு அலைக் கதை எழுதுவாயாம். கோபத்தில் இரண்டு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கே புயலில் சமையலறைத் தகரம் ஒன்று பறந்துவிட்டது. உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன், எலி இருக்கிறதா என்று பார்க்கத்தான். மருந்துக்கடையில் நான் இருந்த காலத்தில் பழக்கமான இதய டாக்டர் ஒருவர் வியாழக்கிழமைதோறும் நம் ஊருக்கு வருகிறார். உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டுகளை ஒன்று விடாமல் எடுத்து வா.

குத்துவாளில் தேங்காய் எண்ணெய் தடவி என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அது இப்போது என்னுடையது. கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று அப்பா உன்னிடம் ஒரு சென்டாவோ காசு வாங்கிக்கொண்டுதான் அதைக் கொடுத்தார். நானும் சும்மா தரமாட்டேன். ஒரு பெசோ நாணயம் கொண்டு வா. தபாலில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினாலும் வாங்கமாட்டேன். உன் இடக்கையால் என் உள்ளங்கையில் வைக்க வேண்டும்.

நம் வீட்டுப் படி செங்குத்து. நின்று நின்று ஏறு. உன் நெஞ்சை ஆண்டவர் காப்பாற்றட்டும், மற்றதையெல்லாம் நான் திட்டிச் சரிசெய்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஃபெலிசித்தாஸ்