ஹமீதா சேர்த்த வரி

சேசு மரி சூசை

தஞ்சாவூர்,
22 நவம்பர் 2009

அன்புள்ள கிளமென்ட் அத்தானுக்கு,

அமலி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் உங்கள் உடம்பும் வேலையும் நன்றாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே உங்கள் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. சம்பா நட்ட வயலில் தண்ணீர் நிற்கிறதென்று மாமா தினமும் வடிகாலைப் பார்க்கப் போய்விடுகிறார். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. ஞாயிறு பூசைக்கு நடந்தே வந்தார்கள்.

ஆபீசில் என்னை எப்போது விடுவார்கள், எப்போது உங்களிடம் வந்து சேருவேன் என்று கேட்டிருந்தீர்கள். அரிசி ஆலைகளுக்கு நாங்கள் செய்த சாஃப்ட்வேர் உங்களுக்குத் தெரியும். நெல்லின் ஈரத்தைப் பார்த்து, டிரையரை எப்போது நிறுத்துவதென்று சொல்லும். அதில் எது எங்கே இருக்கிறது, கோளாறு வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் என் மண்டைக்குள்தான் இருந்தது. அதை எழுதி வைக்காமல் போகக்கூடாது என்று முதலாளி சிங்காரவேலு சார் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

எழுதியதைப் பக்கம் பக்கமாக அடுக்கி, பொருளடக்கமும் தேடும் வசதியும் வைத்துத் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் இரண்டை வைத்துக்கொண்டு எங்களுக்குள் பெரிய வழக்கு. ஒன்று, புரோகிராமுக்குள் நாங்கள் போட்டிருக்கும் குறிப்புகளைத் தானே பொறுக்கி, படங்களோடு தடித்த புத்தகமாக்கிவிடும். சாருக்கு அதுதான் பிடித்தது. மற்றது, நாம் சாதாரணமாக எழுதும் விளக்கத்தைப் பக்கமாக்கித் தரும். தமிழிலும் எழுதலாம். ஆனால் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். நான் இதைத்தான் கேட்டேன். சீக்கிரம் கிளம்ப வேண்டியவள் வேலை அதிகமானதை ஏன் கேட்கிறாய் என்றார்.

சண்டை போடாமல், இரண்டிலும் கொஞ்சம் செய்து, புதிதாகச் சேர்ந்த நாகூர்ப் பெண் ஹமீதா பானுவிடம் கொடுத்து, சாஃப்ட்வேரை ஓட்டிவிட்டு வா என்று பட்டுக்கோட்டை ஆலைக்கு அனுப்பினோம். என்னைப் போனில் கூப்பிடக்கூடாது என்று நிபந்தனை. முதல் புத்தகத்தில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் இருந்தது. நடுவில் நின்றுபோனால் என்ன செய்வதென்று மட்டும் இல்லை. இரண்டாவதைப் பார்த்து ஓட்டிவிட்டாள். அந்த ஆலையில் ஈரம் அளக்கும் மாய்ஸ்ச்சர் மீட்டர் புதுசு, நான் அதைப் பற்றி எழுதவேயில்லை. அவளே முட்டிமோதி இணைத்து, திரும்பி வந்ததும் விளக்கத்திலும் எழுதிவிட்டாள்.

"அக்கா, நீங்க விட்டதை நான் எழுதிட்டேன். தப்பில்லாம இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றாள்.

பக்கமாக்கும் கருவியை ஓட்டியதும் அவளுடைய வரி என் வரிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. சார் நிதானமாகப் படித்தார்.

"இதையே வச்சுக்கலாம்மா. இனிமே நீ இல்லாட்டியும் ஓடிடும்" என்றார்.

கேட்டதும் சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வர பஸ் ஏறியபோது மனசு லேசாகிவிட்டது.

மீதியைப் பொங்கலுக்குள் எழுதி முடித்துவிடுவேன். அதன்பின் உங்களிடம் கிளம்புவதை மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பூண்டியிலிருந்து சின்ன அத்தை இங்கே அவர்களுக்குத் துணையாக வந்திருக்க அவர் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டாராம். பாஸ்போர்ட் தேதியைப் பார்த்து வை என்றார்.

நீங்கள் ஒரு அறையில் நாலு பேராக இருப்பதாகச் சொன்னீர்களே. மற்றவர்களிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சின்ன வீடானாலும் போதும். சமையலறையில் மட்டும் இரண்டு பேர் நிற்க இடம் இருக்கட்டும். அதுவரை மாதா உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள்
அமலி