ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரை மேடைக்கு அழைத்தேன்

குவீன்ஸ், நியூயார்க்
பிப்ரவரி 1986, சனிக்கிழமை காலை

என் அன்பு மகள் பிரிஜிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நல்ல சுகத்தோடு இருக்கிறோம், அந்த அலாஸ்கா பனிக்குள் நீயும் உன் நோயாளிகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். நேற்றுக் காலை உன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டேன், ஒரே இரைச்சல், கடைசியில் யாரோ ஒரு மனிதர் எடுத்து மீன் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார், மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார். உன் அம்மா டிவியில் வந்துவிட்டாள்! கூட்டத்தில் ஒரு தலையாக இல்லை, குரலாக இல்லை, முழு ஆளாக, உன் கல்யாணத்துக்குப் போடலாம் என்று எடுத்து வைத்திருந்த அந்த நீலச் சட்டையில். நீ எப்போது கல்யாணம் செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை, சட்டையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை இங்கே கொட்டிய பனியில் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். கிளைட் நடத்தும் எங்கள் நிகழ்ச்சிக்கு விருந்தினராகக் கலிபோர்னியாவிலிருந்து வர வேண்டிய நடிகர் வேறு ஏதோ ஊரில் இறங்கி ஓட்டலில் உட்கார்ந்துகொண்டார். நிகழ்ச்சி ராத்திரிதான் வரும் என்றாலும் சாயங்காலமே கூட்டத்தை உட்கார வைத்துப் பதிவு செய்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். பதிவுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது, நான் நடைபாதையில் நின்று முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன். தயாரிப்பாளர் கோல்மன் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, "நோரீன், அஞ்சு நிமிஷம் மேடையில நின்னு சிரிக்க வைக்க உன்கிட்ட ஏதாச்சும் சரக்கு இருக்கா?" என்றார். சரக்கா! இந்த ஸ்டுடியோவில் சேர்ந்த நாளிலிருந்து குளிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த அஞ்சு நிமிஷத்தைத்தானே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். வாயில் முட்டை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். உடனே உன் அப்பாவுக்கு போன் போட்டேன். அது நான் செய்த பெரிய முட்டாள்தனம், அவர் அடுத்த அரை மணியில் பஸ் டிப்போ முழுக்கவும் நம் தெரு முழுக்கவும் சொல்லி முடித்துவிட்டார்.

என் வழக்கமான வேலையையும் நானேதான் பார்க்க வேண்டியிருந்தது. கேமரா ஓடுவதற்கு முன்னால் போய்க் கூட்டத்தைச் சிரிக்க வைத்து, விளக்கு எரிந்தால் எப்படிக் கை தட்ட வேண்டும் என்று பழக்கி, மேடை நிர்வாகி லூ விரலைச் சுழற்றினதும் "இதோ உங்கள் கிளைட் ஃபென்டன்!" என்று கத்தி, கிளைட் திரையை விலக்கி வரும்போது இருட்டுக்குள் ஓடி மறைவது. அடுப்பு பற்றவைக்கிறது நீ, சமைக்கிறது வேற ஆளு என்று உன் அப்பா கேலி செய்வாரே, அதேதான். அதை முடித்துவிட்டு முகத்துக்கு மறுபடி பவுடர் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். என் பேரைச் சொன்னார்கள். போனேன்.

பிரிஜிட், முதல் சிரிப்பு வந்ததும் பயமெல்லாம் போய்விட்டது! "என் புருஷன் பஸ் ஓட்டுறாருங்க. வீட்லயும் அப்படித்தான், நான் கை காட்டினா நிக்கவே மாட்டாரு" என்றேன், கூட்டம் குலுங்கியது. பிறகு உன்னைப் பற்றியும் ஒன்று சொன்னேன், கோபப்படாதே. "என் பொண்ணு அலாஸ்கால நர்ஸு. இதைவிட தூரமா போகணும்னா இனி சந்திரன்தான், அங்க போன் கூட கிடையாதுடின்னேன். உடனே, எப்பம்மா கிளம்பணும்னு கேக்குறா" என்றேன். கிளைட் மேஜையைத் தட்டிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அவர் தனக்குப் பிடித்த ஆளைத்தான் பக்கத்து சோபாவில் வந்து உட்காரச் சொல்வார், பிடிக்காதவருக்கு மேஜையிலிருந்தே ஒரு கையசைப்பு, அதோடு சரி. சோபா கிடைத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், கையசைப்போடு போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் கடைசி ஜோக்கையும் சொல்லி முடித்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் லூ விரலைச் சுழற்றினார், நேரம் முடிந்தது, வணக்கம் சொல்லு என்று அர்த்தம். ஆனால் அந்த விரல் சுழன்றால் என் வாய் எத்தனை வருஷமாக ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறது? கையை வீசி, தொண்டை கிழிய, "இதோ உங்கள் கிளைட் ஃபென்டன்!" என்று கத்திவிட்டேன்.

அவர் எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்! அது போதாதென்று வாத்தியக்காரர்களுக்கும் அதே பழக்கதோஷம், என் குரலைக் கேட்டதும் தொடக்க இசையை முழங்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டமும் நான் பழக்கியபடி எழுந்து கை தட்டுகிறது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கிளைட் கோப்பையைக் கீழே வைத்தார், என்னைப் பார்த்தார், மெதுவாக எழுந்து திரைக்குப் பின்னால் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். அடுத்த நொடி திரையை விலக்கிக்கொண்டு புதிதாக வருகிறவர் மாதிரி கையை வீசிக்கொண்டே வந்து, "ரொம்ப நேரமா காத்திருந்தீங்களா? உள்ள ஒரு அம்மா பேசிக்கிட்டே இருந்தாங்க, முடிக்கட்டும்னு நின்னேன்" என்றார். அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அந்தக் கட்டடத்தில் கேட்டதில்லை. என் தோளில் கை போட்டு சோபாவுக்கு அழைத்துப் போனார். சோபா, பிரிஜிட்! அது பார்க்கிற அளவுக்கு மெத்தென்று இல்லை, உள்ளே ஒரு கம்பி குத்துகிறது.

பதிவு முடிந்ததும் கோல்மன் என் தலையில் கல்லைப் போட்டார். தொடக்க இசை நடுவில் வந்தால் பார்க்கிறவர்கள் ஏதோ கோளாறு என்று வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள், அந்தப் பகுதியையே வெட்டிவிட்டுப் பழைய பாட்டு ஒன்றைச் சேர்க்கலாம் என்றார். எனக்கு உடனே உன் நாலாம் வகுப்பு ஞாபகம் வந்தது. எங்க அம்மா டிவியில வேலை பார்க்கறாங்க என்று நீ சொல்லி, பிள்ளைகள் கண்விழித்துப் பார்த்து, நான் எங்குமே தெரியாமல், மறுநாள் உன்னைப் பொய்க்காரி என்று சொன்னார்களே. நீ அழாமல் வந்து என்னிடம் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது ஒரு தெருவே பார்க்கக் காத்திருக்கிறது, மறுபடியும் நான் இருக்கப்போவதில்லை. அப்படியே பெட்டிகளின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டே வந்த கிளைட் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கோல்மன், இந்த மாசத்துலயே நான் நிஜமா சிரிச்சது அந்த ஒரு தடவைதான். அதை வெட்டினா நாளைக்கு மேஜையில நீங்களே உக்காருங்க" என்றார். கோல்மன் என்னைப் பார்த்து, "பெட்டியை விட்டு இறங்கு தாயே, அது விளக்குப் பெட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி அது வெட்டாமல் அப்படியே ஒளிபரப்பானபோது நான் சமையலறையிலேயே நின்றுகொண்டேன், பார்க்கத் தைரியம் வரவில்லை. உன் அப்பா சிரிப்பது கேட்டது, பஸ் ஜோக்குக்கு மட்டும் சிரிக்கவில்லை. "கை காட்டினா நிக்கத்தான் செய்றேன், நீ நிறுத்தத்துல நின்னு கை காட்டணும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, வழக்கம்போல வேலைக்குப் போனேன். அதே பழைய ஸ்வெட்டர், அதே மேடை. கை தட்டுவது எப்படி என்று சொல்லித்தர வாயைத் திறந்தேன், அதற்குள் கூட்டம் மொத்தமும் எழுந்து கை தட்டுகிறது. விளக்கு எரியவில்லை, லூ கையை அசைக்கவில்லை. கிளைட்தான் முன்னாலேயே வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை, பிரிஜிட்.

கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கை பட்டவர்கள் எல்லாம் குணமாகி வீட்டுக்குப் போகட்டும். பச்சைக் கம்பளிக் காலுறையை இரண்டு காலுக்கும் போட்டுக்கொள், ஒன்றைத் தொலைத்துவிட்டு நன்றாக இருக்கிறேன் என்று எழுதாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா நோரீன்