மட்கார்டு வந்து சேர்ந்தது

வளப்பூர் நாடு,
ஞாயிற்றுக்கிழமை.

சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு இருக்கும் என் வீட்டுக்காரர் அர்த்தனாரி அவர்களுக்கு, உங்கள் மனைவி கோகிலவாணி எழுதுவது. (மறந்திருந்தால் என்ன செய்வது என்று உறவையும் சேர்த்தே போட்டிருக்கிறேன்.) நான் நலம். நீங்கள் அங்கே மிக மிக நலமாக இருப்பதாக ஊரே சொல்கிறது.

நீங்கள் அனுப்பிய பார்சல் கிடைத்தது. தகர மட்கார்டு இரண்டு, சைக்கிளுக்கு முன்னால் மாட்டுகிற கேரியர் ஒன்று, நட்டு போல்ட் ஒரு பொட்டலம். மட்கார்டு பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. பார்த்தேன். உள்ளே இருந்தவள் உங்களை அடிக்கத் தயாராக இருந்தாள்.

போனில் நான் சொன்னது என்ன, நீங்கள் கேட்டது என்ன? "ஏனுங்க, இங்க எல்லாரும் எம்மேல சேத்த வாரி எறைக்கறாங்க, ஒரு வழி பண்ணுங்க" என்றேன். உங்கள் பக்கம் மண்ணைத் துளைக்கிற இரைச்சல். ஏதோ ஏற்பாடு செய்வதாகக் கத்தினீர்கள். மறுவாரம் நீங்களே கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்துரும் என்றீர்கள். வாலில் இருந்த 'ம்' என் காதில் 'வேன்' ஆகிவிட்டது. வந்துருவேன் என்று நம்பி, வீட்டுக்கு வெள்ளையடித்து, சேவலைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்து, நாற்பத்தேழு வயதில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் நின்றேன். கண்டக்டர் பார்சலை இறக்கிக் கொடுத்துவிட்டு என் பூவை வேறு ஒரு பார்வை பார்த்தார். சேவல் பிழைத்தது. நீங்கள் வீட்டுப் பக்கம் வராத இந்த இரண்டு வருஷத்தில் உங்களால் பிழைத்தது அது ஒன்றுதான்.

போனில் சொன்னால் பேச்சு மட்கார்டாக மாறிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சேறு எந்தச் சேறு என்று இப்போது கேளுங்கள். பக்கத்து வீட்டு ருக்குமணி ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, போர் வண்டிக்காரன் தண்ணி கண்ட இடத்திலேயே தங்கிவிடுவான் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி வழி வந்த பிறகுதான் அது யாரைப் பற்றி என்று விளங்கி, சர்க்கரைப் பையைக் கீழே போட்டேன். லீவில் வந்திருக்கிற உங்கள் வண்டி டிரைவர் காளியண்ணனையும் விசாரித்தேன். அதே வண்டி, அதே முதலாளி. அவருக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீவு முளைக்கிறது, உங்களுக்கு ஏன் முளைக்கவில்லை என்று கேட்டேன். மனுசன் மூன்று டம்ளர் டீயைக் குடித்துக்கொண்டு மேலே ஓட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டில் எழுதியிருந்தால் நானும் படித்திருப்பேன்.

சாமான்களை நானே மாட்டினேன். முன் மட்கார்டைக் கச்சிதமாக முடுக்கிவிட்டு நிமிர்ந்தால், கேரியர் காலும் அதே முன்சக்கர நட்டில்தான் மாட்ட வேண்டுமாம். திரும்பக் கழற்றினேன். வேடிக்கை பார்க்க வந்த ருக்குமணியை, சும்மா நிற்கிற கையால் இதைப் பிடி என்றேன். பிடித்தாள். நான் போனில் கத்தியது அவள் வீட்டுக்கும் கேட்டிருக்கிறது; பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்புள்ள கோகிலா, மழைச் சேத்துக்கு மட்காடு அனுப்பிச்சுட்டாரு. நா எறைக்கற சேத்துக்கு என்னத்த அனுப்புவாரு?"

"அவரையே அனுப்புவாரு" என்றேன்.

அப்போது ஸ்பேனர் நழுவி அவள் விரலில் விழுந்தது. தற்செயல்தான். நீங்கள் நம்பினால் நானும் நம்புகிறேன்.

நான் வாயை விட்டுவிட்டேன். ஆடிப் பதினெட்டுக்குள் நீங்கள் வருவதாகத் தேதியும் சொல்லித் தொலைத்தேன். வராவிட்டால் ரேஷன் கடைக்கு இனி எந்த முகத்தோடு போவேன்? அதனால் நேராகக் கேட்கிறேன். அங்கே உங்களுக்கு இன்னொரு வீடு இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால் அதையே எழுதுங்கள். மட்கார்டு, கேரியர், சைக்கிள் மூன்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக நடந்து போவேன். இல்லை என்றால் இனி பார்சல் வேண்டாம். ஆள் வரட்டும்.

இந்தக் கடிதம் காளியண்ணன் கையில்தான் வருகிறது. சோற்றுப் பசை போட்டு மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் அவரையும் இரண்டு வார்த்தை கேளுங்கள்.

மற்றபடி, மிளகுக் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது. மழை விடவில்லை. ஏற்றத்தில் நான் சைக்கிளைத் தள்ளுகிறேன், இறக்கத்தில் அது என்னைத் தள்ளுகிறது. உண்மையைச் சொன்னால் சேலையில் இப்போது ஒரு பொட்டு சேறு படுவதில்லை. மிளகு மூட்டை முன் கேரியருக்குப் போய்விட்டதால் பின் கேரியர் காலியாக இருக்கிறது. அதில் சாக்கை நாலாக மடித்துக் கட்டி வைத்திருக்கிறேன். விரல் வலிக்கிறது, ரேஷன் கடை வரை ஏற்றிப் போ என்று ருக்குமணி கேட்டாள். அது ஒரே ஒரு ஆள் எடைக்குத்தான் தாங்கும், அந்த ஆள் சத்தீஸ்கரில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அறப்பளீஸ்வரர் உங்கள் கை கால்களைக் காப்பாற்றட்டும். காதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும். புறப்படுகிற அன்று போன் செய்யுங்கள். இரைச்சல் இல்லாத இடமாகத் தள்ளி நின்று, 'வேன்' என்று அழுத்திச் சொல்லுங்கள். சேவல் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி,
கோகிலவாணி