பாழ்காவலன் நக்கனின் தலை குறித்து

மழை பொய்யாது பெய்க. கோல் வளையாது நிற்க. ஏழரண் எறிந்த வெள்ளிக்குன்ற வேந்தர் விறலரையர் திருவுளப்படி, பேரமைச்சன் பொற்றையன், தென்கோட்டத் தலைவர் மருதவேளுக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டத்து ஏரிகளும் ஏறுகளும் இல்லத்தாரும் நலமே வாழ்க.

பாழ்காவலன் காரி நக்கன் காத்த பாழ் காடாகிவிட்டதென்றும், அவன் தலையை வாங்கலாமா என்றும் எழுதியிருந்தீர். அவசரம் வேண்டா. கேளும்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வேந்தர் பகைவர் கோட்டையை இடித்து, மரபுப்படி அம்மண்ணைக் கழுதை பூட்டி உழுது, அவ்விடம் புல்லும் முளையாப் பாழாய் என்றும் கிடக்கவும், உழுவோரும் வெட்டுவோரும் மேய்ப்போரும் புகாதிருக்கவும், பச்சை கண்டால் காவலன் தலை போகவும் கல்லில் வெட்டுவித்தார். அந்தக் காவலுக்கு அகப்பட்டவன், பாவம், நக்கன்.

முதற்புல் முளைத்ததே வேந்தரின் கழுதைகள் இட்ட விட்டையில்தான். அதை அவன் எழுதவில்லை. தலைமேல் ஆசை யாருக்குத்தான் இல்லை? புல்லைப் பிடுங்கிக் குவித்தான். குவியல் மக்கி எருவாயிற்று. அதன்மேல் எருக்கும் ஆவாரையும் எழுந்தன. ஆடு புகாதிருக்க முள்வேலி இட்டான். ஆடு புகவில்லை, எங்கெங்கோ பழம் தின்ற குருவிகள் அவ்வேலிமேல் வந்தமர்ந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பறந்தன. இலந்தை வந்தது. இலந்தை நிழலில் நாவல் வந்தது. நாவல் தழைத்ததும் வெயிலின்றி எருக்கு தானே மடிந்தது. அந்த ஆண்டு மட்டும் நக்கன், எருக்கை அடியோடு ஒழித்தோம் என்று வெற்றிச் செய்தி அனுப்பினான்.

அவன் ஆண்டோலைகள் எம்மிடம் உள்ளன. முதலாண்டு, பாழ் நலம். ஆறாம் ஆண்டு, பாழ் சற்றே பச்சை. பதினைந்தாம் ஆண்டு, பாழில் மயில் அகவுகிறது, மற்றபடி பாழே.

உமது ஓலை கண்டு சினந்த வேந்தர், உருவிய வாளோடு ஆனி வெயிலில் நேரே அப்பாழுக்குச் சென்றார், யாமும் உடன் சென்றோம். பாழைக் காட்டென்றார். எப்பக்கம் காட்டினாலும் மரம். நடந்து களைத்த வேந்தர் ஒரு நாவலடியில் படுத்து உறங்கிப்போனார். விழித்தபோது மார்மேல் பழங்கள் கிடந்தன. அவை எங்கே போயின என்பதை யாம் எழுதோம்.

நக்கன் கழுத்தை நீட்டி விண்ணப்பித்தான்: ஒருநாளும் தான் சும்மா இருந்ததில்லை என்றும், முளைத்த ஒவ்வொன்றும் மடியுமுன் அடுத்ததற்கு இடம் பண்ணிவிட்டுப் போகிறதென்றும், தன் தலையை எடுத்தாலும் அது நிற்காதென்றும், எடுப்பதானால் அந்த நிழலிலேயே எடுக்க வேண்டுமென்றும். தண்டனை சொல்ல வேந்தர் வாய் திறந்தார். நாக்கு அடிவரை கருநீலம். யாம் வானத்தைப் பார்த்தோம். வேந்தர் வாயை மூடிக்கொண்டார்.

ஆகவே ஆணை இது. வேந்தர் சொல் பொய்யாது. எனவே அவ்விடம் இன்றும் பாழே. பாழில் மரம் இராது. இல்லாத மரத்தை வெட்ட எவர் கோடரியும் புகலாகாது. மயில் அகவினால் நீர் கேளாதிரும். நக்கன் தலை நக்கன் கழுத்திலேயே நிற்கக் கடவது. ஆண்டுதோறும் ஆனியில், பாழிற் பொறுக்கிய கருங்கல் என்று எழுதி, இரு கூடை அரண்மனைக்கு அனுப்புக, நசுங்காமல் அனுப்புக.

இலச்சினை வேந்தர் தம் கையாலேயே இட்டது. அதன்மேல் படிந்த கருநீலக் கறை எங்கிருந்து வந்ததென்று எவரும் கேட்கலாகாது.