தே வந்த பிறகுதான் பேச்சு

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்பு மகன் கபிலனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இருக்கிறபடி இருக்கிறோம், நீயும் மருமகள் யாமினியும் அந்த ஊர்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் என்று காளியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். போன் இருக்கும்போது எதற்கும்மா கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வரவில்லை. நாடகம் எப்படிம்மா இருந்துச்சு என்று நீ கேட்கிறாய், நான் தேக்கா மார்க்கெட்டில் வெண்டைக்காய் எல்லாம் முற்றலாக வருகிறது என்கிறேன், திரும்பவும் கேட்கிறாய், அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். சில வாரமாக இப்படியே ஓட்டுகிறேன். அப்பா ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, அவர் பாட்டுக்கு டிவியில் பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு வாதம் வந்த இடது கை அப்படியேதான் இருக்கிறது, பிசியோ பெண் வந்தால் அவளுக்காகக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறார், அவள் லிஃப்டில் ஏறியதும் பழையபடி மடியில் போட்டுக்கொள்கிறார். கோபம் மட்டும் இரண்டு கைக்கும் சேர்த்து வருகிறது. எனக்கு முட்டி வலி. சைல்டுகேர் சமையல் என்றால் காலையில் போய் நின்றால் நின்றதுதான், பிள்ளைகள் தூங்கும்போதுகூட நமக்குப் பாத்திரம் இருக்கும். விட்டுவிடு என்பாய், விட்டால் நாலு பேர் முகம் பார்க்கிறதும் போய்விடும். யாமினியை வெறும் காலோடு தரையில் நடக்கவேண்டாம் என்று சொல்.

சரி, எதை எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. நம் வீட்டையே வைத்து நீ எழுதின நாடகம் இங்கே நன்றாகப் போயிருந்தால் வேலையை விட்டுவிட்டு யாமினியோடு ஊருக்கே வந்துவிடுவேன், முழு நேரமும் எழுதப் போகிறேன் என்றாய். இல்லையென்றால் மான்செஸ்டரிலேயே வீடு பார்த்து இருந்துவிடுகிறோம் என்றாய். சுரேந்தர்தான் நாடகத்தை இயக்கியவன், செப்டம்பரில் பெரிய அரங்கில் திரும்பப் போடலாம் என்று கூப்பிடுகிறான், அவன் சூப்பர் என்றுதான் சொல்வான், நீங்க சொல்றதைத்தான் நம்புவேன்மா என்றும் சொன்னாய். எவ்வளவு சுலபமாக என் தலையில் தூக்கி வைத்துவிட்டாய். நன்றாக இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதினால் நீ பெட்டியைக் கட்டிவிடுவாய். அந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா கபிலா.

நான் நாடகம் பார்க்கப் போகிற கூட்டத்தை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முத்துராமன் அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், யூசுப் பாய் கிளமெண்டியில் தையல் கடை வைத்திருக்கிறார், கவிப்ரியா பள்ளிக்கூடத்தில் டீச்சர், சின்னப் பெண். எதிர் வீட்டுக் கமலா அப்பாவைப் பார்த்துக்கொள்கிற ஞாயிறுகளில் நான் இவர்களோடு போவேன். நம் ஊரில் தமிழ் நாடகம் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் மேடையில் நிற்கிறவர்களுக்கு மாமாவோ சித்தியோ கூட வேலை பார்ப்பவரோதான், அதனால் அரங்க வாசலில் எல்லோரும் சூப்பர் லா சூப்பர் லா என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உண்மைப் பேச்சு ஃபேரர் பார்க் பின்பக்கம் ஒரு பரோட்டாக் கடையில்தான் நடக்கும். இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுக்கொள்வோம். டீ சொல்லிவிடுவோம், அந்தத் தே வரும்வரை யாரும் நாடகத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, வந்த பிறகு ஆளாளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். வெறுமே நல்லாருந்துச்சு என்று சொன்னால் முத்துராமன் அண்ணன் அடுத்த மேசையில் போய் உட்காரச் சொல்லிவிடுவார். ஜனவரியில் ஒரு ராஜா நாடகம் பார்த்தோம், ராஜா அழுகிற இடத்தில் கிரீடம் மூக்குவரை இறங்கிவிட்டது, கிரீடத்துக்குத் தனியாச் சம்பளம் குடுக்கணும், அதுதான் நடிச்சுச்சு என்றார். அதற்கு அடுத்த மாதம் இரண்டு பேர் நாற்காலியில் பேசாமல் இருக்கிற நாடகம், கவிப்ரியா உருகிப்போனாள், யூசுப் பாய் எனக்கும் புடிச்சுச்சு, நல்லாத் தூங்கினேன் என்றார். அந்த மேசையில் உட்கார்ந்தால் எனக்கு வீட்டு ஞாபகமே வராது. அங்கே நான் யாருக்கும் சாப்பாடு போடவேண்டாம்.

உன் நாடகத்துக்கும் நாலு பேரும்தான் போனோம், மத்தியானக் காட்சி. ஹவுஸ்ஃபுல், அது உண்மை. முடிந்ததும் சுரேந்தர் மைக்கைப் பிடித்து, இந்த நாடகத்தின் நிஜ அம்மா இங்கேதான் இருக்காங்க என்று என்னை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்திவிட்டான். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், எனக்கு விளக்கில் கண் கூசியது, முட்டி வேறு. அந்தப் பொன்னாடையை இப்போது அப்பா காலில் போர்த்திக்கொள்கிறார், கதகதப்பாக இருக்கிறதாம். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, நான் எப்படி நடிச்சேன் என்பதுதான். பிரமாதமாக விழுந்தீர்கள் என்றேன், சிரித்தார்.

வெளியே வந்தால் நம் ஆட்கள் மூன்று பேருக்கும் திடீரென்று வேலை. முத்துராமன் அண்ணனுக்கு ஏதோ கல்யாண ரிசப்ஷன், கவிப்ரியா பேப்பர் திருத்தவேண்டும் என்றாள், யூசுப் பாய் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை அவர் கடையே திறக்கமாட்டார். வேலையைப் பார்த்துவிட்டு ஒரு எட்டு வந்துடுறோம், நீங்க போய் உட்காருங்க என்றார்கள். நானும் நம்பிப் போய் மேசையைச் சேர்த்துப் போட்டு வழக்கம்போல நாலு பேருக்கும் தே சொல்லிவிட்டேன், அண்ணனுக்குச் சீனி இல்லாமல், கவிப்ரியாவுக்கு ஐஸ் போட்டு. நாலும் வந்துவிட்டது. தே வந்தால் பேசவேண்டும், பேச ஆள் இல்லை. பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு என் பங்குத் தே மட்டும் குடித்தேன், மற்றதெல்லாம் ஆடை கட்டி, ஐஸ் கரைந்துபோய் அப்படியே இருந்தது. கடைப் பையன் ஆள் வரலையா ஆன்ட்டி என்றான். வராதுப்பா என்றேன். நன்றாக இருந்திருந்தால் முதல் ஆளாக ஓடி வந்திருப்பார்கள், எனக்குத் தெரியாதா.

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் முத்துராமன் அண்ணனுக்கு போன் போட்டு, நான் ஃபேரர் பார்க்கில் உட்கார்ந்திருக்கிறேன், மூன்று பேரும் வரவில்லையென்றால் இனி உங்களோடு எந்த நாடகத்துக்கும் வரமாட்டேன், இன்றைக்கு நான் கபிலன் அம்மா இல்லை, டிக்கெட் வாங்கி வந்த ஆள் என்று சொன்னேன். வந்தார்கள். தே வரும்வரை மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்ததும் அண்ணன்தான் ஆரம்பித்தார். முதல் பாதி முதல் தரம் என்றார், லிஃப்ட் ரிப்பேர் ஆன அன்றைக்கு அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குகிற காட்சி, ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொருத்தர் கதவைத் திறந்து யோசனை சொல்கிறது, இந்த மாதிரி நம்ம அடுக்குமாடி புளோக்கை யாரும் எழுதினதில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சந்தோஷம், நடித்தே காட்டினார். இரண்டாம் பாதிக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லம்மா, நல்லவங்கதான், ஆனா வீட்டுல அப்படி யாரும் இருக்கமாட்டாங்க, கட்டில் பக்கத்துல நின்னு அவங்க தியாகத்தைப் பத்திப் பேசப் பேச நான் எக்ஸிட் லைட்டைப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன் என்றார். கவிப்ரியா, சாரி ஆன்ட்டி, அந்த கேரக்டர் டூ பெர்ஃபெக்ட் லா, கல்யாணம் பண்ணா நானும் இப்படி இருக்கணுமான்னு எனக்கு பயமாயிடுச்சு என்றாள். யூசுப் பாய் கடைசியாகத்தான் பேசினார். அப்பா ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடப் பார்க்கிற இடத்தில் அழுதுவிட்டாராம், அந்த அம்மாவுக்காக ஒரு சொட்டு வரவில்லையாம், அதுதான் மனசை உறுத்திக்கொண்டே இருந்ததாம். எங்க வாப்பா படுக்கையில கிடந்தப்ப எங்க உம்மா தட்டைத் தூக்கி அடிச்சுருக்காங்க, அப்புறம் அவங்களே பொறுக்கிட்டு மறுபடி சோறு போட்டாங்க, அதைப் பார்த்திருந்தா அழுதிருப்பேன் என்றார். அப்புறம் உங்க முறை என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

அவர்களிடம் சொன்னதைத்தான் உனக்கும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அந்த இரண்டாம் பாதியைப் பார்க்க அலுப்பாக இருந்தது. அந்த அம்மா காபி போடுகிறாள், அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள், துணி மடிக்கிறாள், அழகான தமிழில் பேசுகிறாள், இத்தனையிலும் ஒரு தடவைகூட உட்காரவில்லை. மேடையில் சோபா இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, அவள் மட்டும் நிற்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முட்டி வலித்தது. உன் மேல் தப்பில்லை. அப்பா விழுந்ததே நீ போன பிறகுதான், நீ பார்த்ததெல்லாம் போனில். நீ கூப்பிடுகிற நேரம் தெரியும் என்பதால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வேன், போனை அடுப்படியில் மாவு டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசுவேன், அதனால் நான் எப்போதும் நின்றுகொண்டும் சிரித்துக்கொண்டும்தான் உனக்குத் தெரிவேன். தெரிந்ததை நீ எழுதினாய்.

தெரியாததைச் சொல்கிறேன். வேலை முடிந்து வந்தால் நான் நேரே மேலே போவதில்லை. நம் புளோக் கீழே, தாத்தாமார் செஸ் ஆடுகிற கல் மேசை இருக்கிறதே, அங்கே உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்து நம் வீட்டு ஜன்னல் தெரியும். அவர் எனக்காகக் காத்திருப்பார், பசித்திருக்கும், எல்லாம் தெரியும். ஆனாலும் எழுந்திருக்க மனசு வராது. அவர் மேல் கோபம்கூட இல்லை, களைப்புதான். லிஃப்ட் வரும், போகும், நான் உட்கார்ந்திருப்பேன். கமலாவுக்குக்கூட இது தெரியாது. நான் சொன்னதும் கவிப்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள், முத்துராமன் அண்ணன் இதைத்தான் அந்தப் பிள்ளை எழுதியிருக்கணும் என்றார்.

அதனால் செப்டம்பருக்கு அப்படியே போடவேண்டாம் என்று சுரேந்தரிடம் சொல். முதல் பாதியைத் தொடாதே. இரண்டாம் பாதியில் அந்த நீளமான பேச்சை எடுத்துவிட்டு அந்த அம்மாவைக் கொஞ்சம் உட்கார வை. அவள் ஒன்றும் பேசவேண்டாம், யாரும் அவளைக் கூப்பிடவேண்டாம். எழுதத் தெரியாதவன் என்று உன்னை யாரும் சொல்லவில்லை, லிஃப்ட் காட்சியை எழுதினவனுக்கு இதுவும் வரும். ஆனால் இந்த நாடகத்தை நம்பி இப்போதே வேலையை விடாதே. இதை எழுதிவிட்டால் நீ வரமாட்டாயோ என்றுதான் இத்தனை நாள் வெண்டைக்காயைப் பற்றிப் பேசினேன். வீடு வாங்குவதென்றால் வாங்கிக்கொள், அது உன் வாழ்க்கை. வருவதாக இருந்தால் நாடகத்தைக் காரணம் காட்டி வரவேண்டாம், அது நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்கே உனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு முடியலை கபிலா. உன் நாடகத்து அம்மா அவ்வளவு பேசியும் இந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவே இல்லை.

நீயும் யாமினியும் குறைவில்லாமல், ஒருவரை ஒருவர் கடிந்துகொள்ளாமல் நீண்ட காலம் வாழ அம்மாவும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். காதை மூடிக்கொண்டு வெளியே போ, பாஸ்போர்ட் தேதி முடியப் போகிறது என்று சொன்னாயே, அதைப் பார். இந்தக் கடிதத்தையும் கீழே கல் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினேன். மேலே நம் வீட்டில் விளக்குப் போட்டாகிவிட்டது, கமலா கிளம்பவேண்டும், அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும். இனி எழுந்திருக்கவேண்டும்.

அன்புடன் உன் அம்மா
ரஞ்சிதம்